கடினப்படுத்திய எஃகும் வீட்டு லேத்தும்

புதிய அரம் ஒன்றை எடுத்துப் பால் பேரிங்கின் உள்வளையத்தில் அழுத்தித் தேய்த்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். வளையத்தில் கீறல் விழாது. அரத்தின் பற்கள்தான் மழுங்கும். ராக்வெல் சி அளவுகோலில் அந்த வளையத்தின் கடினம் ஏறத்தாழ 60 முதல் 64 வரை இருக்கும். லேத்தில் அன்றாடம் பயன்படும் அதிவேக எஃகு டூல் பிட்டின் கடினமும் 62 முதல் 65தான். வெட்டும் கருவியும் வெட்டுப்படும் ஜாப்பும் இப்படிச் சமபலத்தில் நிற்கும்போது வழக்கமான டர்னிங் நடக்காது. அதனால் கடினப்படுத்திய எஃகு என்றாலே சாணைக்கல்லின் வேலை என்று பட்டறைகள் நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தன. செயற்கையான அதிகடினப் பொருள்கள் வெட்டுமுனையாக வந்த பிறகு நிலைமை மாறியது. 1980களிலிருந்து வாகனப் பற்சக்கரங்களையும் பேரிங் வளையங்களையும் கடினப்படுத்திய பிறகே கடையும் முறை தொழிற்சாலைகளில் பரவியது. ‘ஹார்டு டர்னிங்’ என்பது அதன் பெயர். வழக்கத்தில் ராக்வெல் சி 45க்கு மேற்பட்ட எஃகைக் கடைவதற்கு இந்தப் பெயர் பொருந்தும்.

மேசையில் வைத்து ஓட்டும் சிறிய லேத்திலும் இதைச் செய்ய முடியும். தொழிற்சாலை எந்திரத்தின் வேகமும் துல்லியமும் கிடைக்காது என்றாலும் ஒரு தண்டின் முனையைச் சிறிது குறைப்பது, பேரிங் வளையத்தின் துளையைச் சற்றுப் பெரிதாக்குவது, கடினமான பின்னின் முகப்பைச் சமன் செய்வது போன்ற வேலைகள் நன்றாகவே அமையும். மோட்டார் சிறியது என்ற கவலையில்தான் பலரும் இதை முயலாமல் விடுகிறார்கள். உண்மையில் மோட்டாரின் சக்தி இங்கே தடையாக இருப்பதில்லை. எந்திரத்தின் விறைப்பும் முனையின் தேர்வும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

எஃகு கடினமாவது எப்படி என்பதைத் தெரிந்துகொண்டால் அதை வெட்டுவதன் சிக்கலும் தெளிவாகும். எஃகில் இரும்பணுக்களுக்கு இடையே சிறிதளவு கார்பன் இருக்கிறது. பேரிங்குக்குப் பயன்படும் 52100 வகை எஃகில் (இந்தியாவில் இது இ.என். 31 என்ற பெயரிலும் விற்கப்படுகிறது) கார்பன் 1 விழுக்காடு, குரோமியம் 1.5 விழுக்காடு அளவில் உண்டு. இதைச் சுமார் 800 டிகிரி செல்சியசுக்கு மேல் பழுக்கக் காய்ச்சினால் அணுக்களின் அடுக்கு மாறி, கார்பன் அதற்குள் கரைந்துவிடும். மெதுவாக ஆறவிட்டால் கார்பன் மறுபடியும் பிரிந்து வெளியேறி, எஃகு மென்மையாகும். எண்ணெயிலோ நீரிலோ சட்டென்று தோய்த்தால் கார்பனுக்கு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. இரும்பின் படிக அமைப்புக்குள் அது சிக்கிக்கொண்டு அடுக்குகளை இழுத்து முறுக்குகிறது. முறுக்கேறிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்க முடியாததால் உலோகம் வளையவும் மறுக்கிறது, கீறப்படவும் மறுக்கிறது. இந்த அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். ஜெர்மானிய உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக வைத்த பெயர் அது. தோய்த்த எஃகு கண்ணாடிபோல் உடையக்கூடியது என்பதால் 150 முதல் 200 டிகிரி வரை மீண்டும் சூடாக்கி அதன் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துவார்கள். டெம்பர் செய்வது இதுதான். இந்த வெப்பநிலை நினைவில் இருக்கவேண்டியது. கடையும்போது ஜாப் இதைத் தாண்டிச் சூடானால் அதன் கடினம் குறையத் தொடங்கும்.

கடினத்தை அளக்கும் ராக்வெல் முறையும் பேரிங் தொழிலிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிரிஸ்டல் நகரத்துப் பேரிங் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் இருவரும் 1914இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1919இல் அது கிடைத்தது. வளையங்களைக் கடினப்படுத்திய பிறகு விரைவாகச் சோதிக்க வேண்டும் என்பதே அவர்களின் தேவை. சி அளவுகோலில் 120 டிகிரிக் கோணமுள்ள வைரக் கூம்பை முதலில் 10 கிலோ சுமையிலும் பிறகு 150 கிலோ சுமையிலும் அழுத்தி, மீண்டும் 10 கிலோவுக்குத் திரும்பியதும் கூடுதலாக எவ்வளவு ஆழம் எஞ்சியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஒவ்வொரு 0.002 மி.மீ. ஆழத்துக்கும் நூறிலிருந்து ஒன்று குறையும். ராக்வெல் சி 60 என்றால் அத்தனை சுமையிலும் வைரம் 0.08 மி.மீ.தான் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

வீட்டுப் பட்டறைக்கு இந்தக் கருவி தேவையில்லை. நல்ல அரம் ஒன்று போதும். அரம் கடித்தால் ஜாப் ஏறத்தாழ 50க்குக் கீழே. லேசாகப் பிடித்து வழுக்கினால் 55ஐ ஒட்டி. பிடிக்கவே இல்லையென்றால் 60க்கும் மேல். ஜாப்பின் வகையைக் கொண்டும் ஊகிக்கலாம். 12.9 தர ஆலன் போல்ட்டின் கடினம் 39 முதல் 44 வரைதான். சாதாரணக் கார்பைடு முனையிலேயே அது சிரமமில்லாமல் கடைபடும். டோவல் பின் 60ஐ எட்டும். பேரிங் வளையம் மேற்பரப்பிலிருந்து உள்வரை ஒரே கடினம். எந்திரங்களில் நேர்கோட்டு இயக்கத்துக்குப் பயன்படும் பளபளப்பான லீனியர் ஷாஃப்ட், பிஸ்டனின் கட்ஜன் பின் ஆகியவை வேறு இனம். அவற்றில் மேல்தோல் மட்டும் 60 அளவில் கடினமாக இருக்கும், உள்ளே மென்மையான எஃகு. அந்தத் தோலின் கனம் பொருளைப் பொறுத்து அரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை வேறுபடும்.

இந்த வேறுபாடு வேலையின் பயனையே பாதிக்கும். 12 மி.மீ. லீனியர் ஷாஃப்ட்டின் முனையை 10 மி.மீ. பேரிங்குக்குப் பொருத்தக் குறைக்கிறோம் என்றால் பக்கத்துக்கு 1 மி.மீ. போகிறது. கடினத் தோலின் பெரும்பகுதி அதோடு போய்விடும். மீதி நிற்பது மென்மையான தண்டு. பேரிங்கின் இருக்கைக்கு அது போதும். பந்துகளோ புஷ்ஷோ நேரடியாக ஓடும் இடமாக இருந்தால் போதாது. எஃகை வெட்டத் தொடங்குமுன் அந்த இடத்துக்குக் கடினம் தேவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தேவையில்லை என்றால் அந்த முனையை மட்டும் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மிக மெதுவாக ஆறவைத்து, மென்மையாக்கிச் சுலபமாகக் கடைந்துவிடலாம். ஆனால் அப்படிக் காய்ச்சிய ஜாப்பில் செதில் படியும், அளவு சற்றுக் கோணும். மீண்டும் கடினப்படுத்தினால் இன்னும் கோணும். நேராகவும் அளவாகவும் இருந்த பொருளை அப்படியே வைத்துக்கொண்டு தேவையான இடத்தை மட்டும் வெட்டுவதே ஹார்டு டர்னிங்கின் பெரிய ஆதாயம்.

வெட்டுமுனைக்கு வருவோம். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஃபிரடெரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் உருவாக்கிய வெட்டுமுனைகள் மங்கிய சிவப்பாகக் கனன்றபடியே எஃகை வெட்டிக் காட்டின. அதிவேக எஃகின் வரலாறு அங்கே தொடங்குகிறது. 600 டிகிரி வரை கடினத்தை இழக்காமல் நிற்பது அதன் சிறப்பு. விக்கர்ஸ் என்ற இன்னொரு கடின அளவில் அதன் கடினம் சுமார் 800. ராக்வெல் சி 60 எஃகின் கடினமோ அதே அளவில் 700. இந்தச் சிறு இடைவெளியில் எந்த முனையும் நிலைக்காது. 1923இல் பெர்லினில் ஓஸ்ராம் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் ஷ்ரோட்டர் டங்ஸ்டன் கார்பைடுத் தூளைக் கோபால்டுடன் சேர்த்து வெப்பத்தில் இறுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். க்ரூப் நிறுவனம் அதை விடியா என்ற பெயரில் விற்றது. இந்தியப் பட்டறைகளில் கார்பைடு முனையை இன்றும் விடியா என்றே சொல்பவர்கள் உண்டு. அதன் விக்கர்ஸ் கடினம் 1500ஐ ஒட்டியது, அதாவது ஜாப்பைப்போல் இரண்டு மடங்கு. வேகத்தை அடக்கி வைத்தால் இது கடினப்படுத்திய எஃகை வெட்டும்.

மூன்றாவது பொருள் கனசதுர போரான் நைட்ரைடு. சுருக்கமாக சிபிஎன். 1957இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் ராபர்ட் வென்டார்ஃப் இதை உருவாக்கினார். இயற்கையில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருளன்று. மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் போரான் நைட்ரைடைப் படிகமாக்கிப் பெறுவது. இதன் படிகம் விக்கர்ஸ் அளவில் 4500ஐ எட்டும். வைரத்துக்கு அடுத்த இடம். வைரமே இருக்க இது எதற்கு என்ற கேள்விக்கு இரும்பின் வேதியியலே விடை. வைரம் முழுக்கக் கார்பன். வெட்டும் இடத்தின் வெப்பத்தில் இரும்பு அந்தக் கார்பனைக் கரைத்து எடுத்துக்கொள்வதால் வைர முனை எஃகில் விரைவாகத் தேய்ந்துபோகும். சிபிஎன்னுக்கும் இரும்புக்கும் அப்படிப்பட்ட ஈர்ப்பில்லை. காற்றில் 1000 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஹோல்டரில் மாற்றிப் பொருத்தும் வெட்டுத்துண்டான இன்சர்ட்டின் மூலையில் மட்டும் சிறு சிபிஎன் துண்டைப் பற்றவைத்து விற்கிறார்கள். விலை கார்பைடு இன்சர்ட்டைப்போல் பல மடங்கு.

சிபிஎன் வாங்குவோர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. துண்டில் சிபிஎன் 90 விழுக்காடு இருந்தால் அது உயர்ந்த சரக்கு என்று தோன்றும். ஆனால் கடினப்படுத்திய எஃகை இடையறாமல் மெல்லிதாகக் கடைவதற்கு 45 முதல் 65 விழுக்காடு வரை மட்டும் சிபிஎன்னும் மீதி பீங்கான் வகைப் பிணைப்பும் உள்ள தரமே மேல். பீங்கான் பிணைப்பு வெப்பத்தை முனையின் முன்புறத்திலேயே தக்கவைத்து, எஃகு மென்மையாகத் துணை செய்கிறது. 90 விழுக்காட்டுச் சரக்கு வார்ப்பிரும்புக்கு ஏற்றது.

இந்த வெப்பம்தான் ஹார்டு டர்னிங்கின் உயிர்நாடி. முனை எஃகுக்குள் நுழையும்போது அதற்கு முன்னால் ஒரு மெல்லிய பட்டையில் உலோகம் நசுங்கிச் சறுக்குகிறது. அந்தச் சறுக்கலின் உழைப்பு முழுவதும் அந்தப் பட்டையிலேயே வெப்பமாக மாறுகிறது. கருப்பட்டிப் பாகு சூட்டில் இழுபட்டு ஆறியதும் முறிவதைப்போல, அந்த ஒரு கணம் எஃகு மென்மையாகி நகர்ந்து, சீவலாகப் பிரிந்ததும் மீண்டும் இறுகுகிறது. பிரிந்த சீவலை உருப்பெருக்கியில் பார்த்தால் அதன் ஒரு பக்கம் வாளரத்தின் பல்போல் வரிசையாக முறிந்திருக்கும். ஒவ்வொரு பல்லும் உலோகம் ஒருமுறை சூடேறி, ஒருமுறை நழுவியதன் அடையாளம். வேகம் சரியாக அமைந்தால் வெப்பத்தின் பெரும்பகுதி சீவலோடு வெளியேறிவிடும். சிபிஎன்னில் சீவல் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டு மெல்லிய நாடாவாக வரும். ஜாப்பின் மீது கைவைத்தால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். கார்பைடில் வேகம் குறைவு என்பதால் சீவல் பழுப்பாகவோ நீலமாகவோ வந்து தொட்டால் நொறுங்கும்.

முனையின் வடிவமும் வழக்கத்திலிருந்து விலகுகிறது. கார்பைடும் சிபிஎன்னும் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்கா. கூர்மையான விளிம்பு கடின எஃகில் பட்டதும் பொடிப்பொடியாகச் சிதறும். அதனால் விளிம்பை நெகட்டிவ் ரேக்கில் வைத்து, கூர்மையை நீக்கி 0.1 மி.மீ. அகலத்தில் 20 டிகிரி அளவுக்குச் சாய்த்துவிடுகிறார்கள். விசை முழுவதும் விளிம்பை உள்நோக்கி அழுத்துவதாக அமைவதால் அது பிழைக்கிறது. இதற்கு எந்திரம் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. மென்மையான எஃகைக் கடையும்போது பெரிய விசை முனையைக் கீழ்நோக்கித் தள்ளும் விசை. கடினப்படுத்திய எஃகை மெல்லிதாகக் கடையும்போது ஜாப்பையும் டூலையும் ஒன்றையொன்று விட்டு விலக்கும் ஆரவழி விசை அதையும் மிஞ்சிவிடுகிறது. லேத்தின் மிகவும் தளர்ச்சியான திசை இதுதான். கிராஸ் ஸ்லைடின் திருகு, அதன் நட், ஸ்லைடின் தளர்ச்சியைச் சரிசெய்யும் ஜிப் பட்டை, ஸ்பிண்டில் பேரிங் ஆகிய எல்லாவற்றின் நெகிழ்ச்சியும் இந்தத் திசையில் கூடுகின்றன.

இப்போது கணக்கைப் பார்க்கலாம். அதே 12 மி.மீ. ஷாஃப்ட். வெட்டு ஆழம் 0.1 மி.மீ., ஃபீட் சுற்றுக்கு 0.05 மி.மீ. என்றால் சீவலின் குறுக்குப்பரப்பு 0.005 சதுர மி.மீ. ஒரு சதுர மி.மீ. பரப்பை வெட்ட மென்மையான எஃகுக்குச் சுமார் 2000 நியூட்டன் தேவை. கடினப்படுத்தியதற்கு அதன் இரண்டு மடங்குக்கு மேல். சீவல் மெலியும்போது இன்னும் கூடும். தாராளமாக 10,000 என்று வைத்தாலும் கீழ்நோக்கிய விசை 50 நியூட்டன்தான். நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் அதற்கு வேண்டிய சக்தி 25 வாட். சிறிய மேசை லேத்தின் மோட்டாரும் இதைப்போல் பல மடங்கு சக்தி தரும். சக்திக்குப் பஞ்சமில்லை.

அதே ஷாஃப்ட் சக்கிலிருந்து 50 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் முனையில் ஆரவழி விசை 100 நியூட்டன் விழுகிறது என்று கொள்வோம். தண்டு 0.02 மி.மீ. வளைகிறது. கடைந்து முடித்த விட்டத்தில் 0.04 மி.மீ. பிழை. நீளத்தை 100 மி.மீ. ஆக்கினால் வளைவு எட்டு மடங்காகி 0.16 மி.மீ.; வெட்டு ஆழத்தையே அது தாண்டிவிட்டது, இனி முனை வெட்டாமல் ஏறி உரசும். நீளத்தை 25 மி.மீ. ஆகக் குறைத்தால் வளைவு 0.0025 மி.மீ.க்கு இறங்கிவிடும். கடினப்படுத்திய தண்டு வளையாது என்று நினைப்பது பிழை. கடினப்படுத்துவதால் எஃகின் மீள்தன்மை ஏறக்குறைய மாறுவதே இல்லை. அதே விசைக்குக் கடின எஃகும் மென்மையான எஃகும் ஒரே அளவுதான் வளையும். சக்குக்கு வெளியே தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் நீட்டக் கூடாது என்பது இந்தக் கணக்கிலிருந்து வரும் விதி.

லேத்தைத் தயார் செய்வதும் இதே நோக்கில்தான். வீட்டு லேத்துகளில் இரண்டு வகை பரவலானவை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டனில் 1946 முதல் உருவான மைஃபோர்டு எம்எல்7 ஒன்று. மாதிரி நீராவி எஞ்சின்களை வீட்டிலேயே செய்யும் பிரிட்டிஷ் ஆர்வலர்களின் செல்ல எந்திரம் அது. அடுத்தது சீனத் தயாரிப்பான ‘மினி லேத்’, 7 அங்குல விட்டம் வரை கொள்ளும் எந்திரம். எதுவானாலும் கிராஸ் ஸ்லைடின் ஜிப் ஸ்குரூக்களை, கைப்பிடி சற்றுக் கனமாகச் சுற்றும் அளவுக்கு இறுக்க வேண்டும். கேரேஜை ஃபீடில் ஓட்டும்போது காம்பவுண்ட் ஸ்லைடு அசையாதபடி பூட்ட வேண்டும். காம்பவுண்ட் ஸ்லைடையே கழற்றிவிட்டு அந்த இடத்தில் திடமான எஃகுக் கட்டையை வைத்து டூல் போஸ்ட்டைப் பொருத்துபவர்கள் உண்டு. மினி லேத்துக்குச் செய்யக்கூடிய திருத்தங்களில் செலவு குறைந்ததும் பலன் மிகுந்ததும் இதுவே. டூல் ஹோல்டர் போஸ்ட்டிலிருந்து அதன் உயரத்துக்கு மேல் நீள வேண்டாம். முனை ஸ்பிண்டிலின் மைய உயரத்தில் மிகச் சரியாக நிற்க வேண்டும்.

வெட்டுமுனையின் மூக்கு வளைவின் ஆரத்திலும் சிறிய லேத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. தொழிற்சாலையில் 0.8 அல்லது 1.2 மி.மீ. ஆரம் வைப்பார்கள். பெரிய ஆரம் வலிமையானது, மேற்பரப்பும் வழுவழுப்பாக வரும். ஆனால் ஆரம் பெரிதாகும் அளவுக்கு விசையின் பெரும்பங்கு ஆரவழியில் திரும்புகிறது. சிறிய லேத் உடனே அலறத் தொடங்கும். ஜாப்பில் அலையலையாக விழும் அந்த அதிர்வுத் தடம், அடுத்த சுற்றில் முனையை மேலும் ஆட்டி, அதிர்வை வளர்த்துக்கொண்டே போகும். எனவே 0.4 மி.மீ. ஆரமே நல்ல சமரசம். சுற்றுக்கு 0.05 மி.மீ. ஃபீடில் 0.4 ஆரம் விட்டுச்செல்லும் வரிகளின் உயரம், கணக்குப்படி 0.0008 மி.மீ.க்கும் குறைவு. கண்ணாடிபோன்ற பளபளப்புக்கு அது போதுமானது. அடிப்பகுதி 7 டிகிரி சாய்ந்த சிறிய சிசிஎம்டி வகை கார்பைடு இன்சர்ட், அதே ஹோல்டரில் உட்காரும் சிசிஜிடபிள்யூ வகை சிபிஎன் இன்சர்ட் ஆகியவை வீட்டு லேத்துக்குப் பொருத்தமானவை.

வேகத்தை முடிவு செய்வது முனையின் பொருள். ராக்வெல் சி 60 எஃகுக்குக் கார்பைடில் நிமிடத்துக்கு 20 முதல் 40 மீட்டர், சிபிஎன்னில் 100 முதல் 200 மீட்டர். 12 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 30 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று. எம்எல்7இன் உச்ச வேகம் 640 சுற்று. அதில் கிடைப்பது 24 மீட்டர். அந்த எந்திரத்துக்குக் கார்பைடே இயல்பான துணை. மினி லேத் 2500 சுற்று ஓடினால் 94 மீட்டர் கிடைக்கிறது; சிபிஎன் வேலை செய்யத் தொடங்கும் வாசலில் நிற்கிறது. ஆனால் ஜாப் 25 மி.மீ. விட்டமாக இருந்தால் 1500 சுற்றிலேயே ஏறத்தாழ 120 மீட்டர் வந்துவிடும். விட்டம் பெரிதானால் சிபிஎன், சிறிதானால் கார்பைடு என்று கொள்வது பெரும்பாலும் தவறாகாது.

கார்பைடில் வேகத்தை உயர்த்திப் பார்க்கும் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. வேகத்துக்கும் முனையின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பை 1906இல் டெய்லர் ஒரு சமன்பாடாக வெளியிட்டார். 26 ஆண்டுகள் நடந்த அவருடைய சோதனைகளில் 8 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட எஃகும் இரும்பும் சீவலாயின. அந்தச் சமன்பாட்டில் கார்பைடுக்கு வழக்கமாக எடுக்கும் அடுக்கெண் 0.25. வேகத்தைப் பாதியாக்கினால் ஆயுள் 16 மடங்கு கூடும். இரட்டிப்பாக்கினால் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். கடின எஃகில் ஒரு விளிம்பு சில நிமிடங்களே தாங்கக்கூடும் என்ற நிலையில் இந்தப் பெருக்கம் மிகவும் முக்கியமானது.

வெட்டு ஆழத்தில் அச்சம் காட்டுவது மென்மையான எஃகில் பாதுகாப்பு. இங்கே அதுவே கெடுதல். 0.01 மி.மீ. மட்டும் வைத்து ஓட்டினால் சாய்த்துவிட்ட விளிம்பு உலோகத்துக்குள் இறங்காமல் அதன் மேல் ஏறி உரசும். சீவல் வராது, வெப்பம் மட்டும் ஏறும், விளிம்பு தேயும். அடுத்த ஓட்டத்தில் நெகிழ்ந்திருந்த எந்திரம் விடுபட்டு எதிர்பாராத அளவு வெட்டிவிடும். 0.05 முதல் 0.15 மி.மீ. வரை ஒரே துணிவில் வைத்து, ஃபீடை நிறுத்தாமல் இறுதிவரை ஓட்டுவதே முறை. நடுவில் நின்றால் அந்த இடத்தில் முனை உரசி வளையமாகத் தடம் போடும். மேல்தோல் மட்டும் கடினமான ஷாஃப்ட்டில் முதல் ஓட்டத்திலேயே தோலின் அடிவரை இறங்க முடிந்தால் நல்லது, சிறிய லேத்துக்கு அது பெரும்பாலும் இயலாது. அந்த இடத்துத் தோலைக் கை கிரைண்டரில் முன்பே தேய்த்து எடுத்துவிட்டு, மீதியைச் சாதாரணமாகக் கடைவது புத்திசாலித்தனம். அப்போது பெட்டின் மீது துணியோ தகடோ போட்டு மூடுவது கட்டாயம். சாணைத்தூள் பெட்டில் ஒட்டினால் ஸ்லைடுகளை அது அரைத்துத் தின்றுவிடும்.

விளிம்பு தேய்ந்த செய்தியை ஜாப்பின் நிறமே சொல்லிவிடும். கடைந்த பரப்பு வைக்கோல் மஞ்சளானால் அங்கே 220 டிகிரி எட்டியிருக்கிறது. நீலமானால் 300ஐ ஒட்டியிருக்கிறது. இரண்டுமே டெம்பர் வெப்பத்தைத் தாண்டியவை, மேற்பரப்பின் கடினம் போயிற்று. தொழிற்சாலைகள் இன்னொன்றுக்கும் அஞ்சுகின்றன. தேய்ந்த முனையின் உரசலில் மேற்பரப்பு ஒரு கணம் பழுத்து, அடுத்த கணமே உட்புறத்துக் குளிர்ச்சியால் தோய்ந்துவிடும். சில மைக்ரான் கனத்தில் டெம்பர் ஆகாத, எளிதில் விரிசல் விடும் மேல்படலம் உருவாகும். பேரிங்கின் ஓடுபாதையில் அது வெடிப்பின் தொடக்கமாகும். பளபளப்பு மங்கும்போதோ ஓசை மாறும்போதோ இன்சர்ட்டைத் திருப்பிப் புது மூலையைக் கொண்டுவந்துவிட வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று தேய்ந்த மூலையில் தொடர்வது சிக்கனமாகாது.

கடின ஜாப்பைச் சக்கில் பிடிப்பதிலும் கவனம் வேண்டும். சக்கின் தாடைகளும் கடினப்படுத்தியவை. கடினத்தைக் கடினம் கவ்வாது. இடையில் மெல்லிய செம்புத் தகடோ அலுமினியத் தகடோ வைத்தால் பிடிப்பு உறுதியாகும். காலெட் இருந்தால் இன்னும் சிறப்பு. பேரிங் வளையம் போன்ற மெல்லிய பொருளை மூன்று தாடைச் சக்கில் இறுக்கினால் அது முக்கோணமாக நெளியும், அப்படியே கடைந்து கழற்றினால் துளை முக்கோணமாக நிற்கும். பிளவுபட்ட அலுமினிய வளையத்துக்குள் வைத்து, விசையைச் சுற்றிலும் பரப்பிப் பிடிக்க வேண்டும்.

கூலன்ட் வேண்டாம். வெப்பத்தால் மென்மையாவதே இங்கே உதவி. தவிர, சூடான கார்பைடின் மீதும் பீங்கானின் மீதும் விட்டுவிட்டுத் தண்ணீர் பட்டால் நுண்விரிசல் விழும். உலர்ந்த நிலையில் கனன்று பறக்கும் சீவல் எண்ணெய்த் துணியிலோ மரத்தூளிலோ விழுந்தால் தீப்பிடிக்கும். லேத்தைச் சுற்றி இவை இரண்டும் இருக்கக் கூடாது. கண்ணாடி அணியாமல் ஒரு ஓட்டமும் ஓட்டக் கூடாது. இன்சர்ட் உடைந்தால் சில்லு நேராக முகத்துக்குத்தான் வரும். கையுறை போட்டுக்கொண்டு லேத் ஓட்டுவது எந்த வேலையிலும் ஆபத்து, இங்கும் அப்படியே.

சில வேலைகளுக்கு இந்த முறை உதவாது. சாவிக்காடி, ஸ்ப்ளைன் உள்ள தண்டில் முனை விட்டுவிட்டு மோதுவதால் கார்பைடும் சிபிஎன்னும் உடைந்துபோகும். அதற்கென்றே உள்ள தரங்களும் சிறிய லேத்தின் அதிர்வில் தாங்குவது அரிது. துண்டிக்கும் பார்ட்டிங் வேலைக்குக் கட்டிங் வீல்தான் வழி. சிறிது அறுத்து, தண்ணீரில் நனைத்து, மறுபடி அறுத்தால் டெம்பர் போகாது. டேப்பும் டையும் கடின எஃகில் உடைவது உறுதி. துளையிட வேண்டுமென்றால் முழுக் கார்பைடு டிரில் வேண்டும், அதுவும் நேராக, அசையாமல் இறங்க வேண்டும்.

இறுதி அளவைப் பொறுத்தவரை எல்லையை ஒப்புக்கொள்வதே நேர்மை. 10 மி.மீ. தண்டுக்கு எச்6 பொருத்தம் கேட்டால் அனுமதிக்கப்படும் வேறுபாடு 0.009 மி.மீ. மட்டுமே. வீட்டு லேத்தின் டயலில் ஒரு கோடே பெரும்பாலும் 0.02 அல்லது 0.025 மி.மீ. எனவே 0.01 மி.மீ. அளவு மிச்சம் வைத்துக் கடைந்துவிட்டு, ஜாப் முழுவதும் ஆறிய பிறகு மைக்ரோமீட்டரில் அளந்து, எண்ணெயில் தோய்த்த நுண்ணிய எமரித் தாளைத் தட்டையான பட்டையால் தாங்கி அழுத்தி மீதியை எடுக்கலாம். சூடாக இருக்கும்போது அளந்தால் தண்டு விரிந்த அளவே தெரியும், ஆறியதும் குறைந்துபோயிருக்கும். இருக்கை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளமாக இருந்தால் இந்த வழியில் பொருத்தம் கிடைக்கும். அதற்கு மேல் நீளமும் அதே துல்லியமும் வேண்டுமென்றால் சென்டர்களுக்கு இடையே வைத்துச் சாணை பிடிக்கும் சிலிண்ட்ரிக்கல் கிரைண்டிங் பட்டறையிடம் ஜாப்பைக் கொடுத்துவிடுவதே சரி. கோவை, அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் ஒற்றை ஜாப்பையும் எடுத்துக்கொள்ளும் அப்படிப்பட்ட பட்டறைகள் இருக்கின்றன.